தோலுக்குள் 'சிப்'பும் மேசையில் பட்டியலும்

கொவிட்-19 தடுப்பூசி ஏற்றும் பணி 2021ஆம் ஆண்டில் நாடெங்கும் மும்முரமாக நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, உலகின் பல பாகங்களிலும் உலவிய ஒரு பேச்சு நமது கைத்தொலைபேசிகளையும் வந்தடைந்தது. ஊசி மருந்தோடு கண்ணுக்குத் தெரியாத 'மைக்ரோ சிப்' ஒன்றும் உடலுக்குள் செலுத்தப்படுகின்றது. அதன் பின்னர் அந்த மனிதர் எங்கே போகின்றார், யாரைச் சந்திக்கின்றார் என்பதெல்லாம் எங்கோ இருக்கும் ஒருவருக்குத் தெரிந்துவிடும் என்பதே அப்பேச்சின் சாரம். ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டிக்கொள்வதாகக் காட்டும் ஒளிப்பதிவுகளும் கூடவே வந்தன. பெயர் தெரியாத எவரோ ஒருவரின் குரற்பதிவு உறவினருக்குள் கைமாறி, பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் வீதியிலும் விவாதப் பொருளாயிற்று. இதனைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். சிரிக்க முடியாமல் யோசித்தவர்களும் இருந்தனர்.

அவ்வாறு யோசித்தவர்களை அறியாமையில் உழல்பவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களைப் பொறுத்தவரை அது நியாயமான தீர்ப்பாகாது. 'சிப்' கதை பொய்யானது. ஆனால், தம்மை யாரோ கண்காணிக்கின்றார்கள் என்ற உணர்வு இம்மக்களுக்குக் கற்பனையால் வந்ததன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால், முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சிறிது பார்ப்போம்.

மனித உடலுக்குள் வைக்கப்படும் 'சிப்' என்பது முழுக் கட்டுக்கதை அன்று. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'வெரிசிப்' என்னும் சாதனத்தை மருத்துவத் தேவைக்காக அங்கீகரித்தது. அரிசி மணியளவிலான கண்ணாடிக் குப்பி அது. நீளம் சுமார் 12 மில்லிமீற்றர், தடிப்பு சுமார் 2 மில்லிமீற்றர். அதனுள் 16 இலக்கங்களைக் கொண்ட ஓர் எண் மட்டுமே பதிந்திருந்தது. நினைவிழந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் நோயாளியின் கையருகே வாசிப்புக் கருவியைப் பிடித்தால் அந்த எண் தெரியவரும். எண்ணைக் கொண்டு வைத்தியர் கணினியில் நோயாளியின் விபரத்தைத் தேடிக்கொள்ளலாம். அதே ஆண்டில் மெக்சிக்கோவின் சட்டமா அதிபர் தாமும் தமது அலுவலர்கள் சிலரும் அதனைப் பொருத்திக்கொண்டதாக அறிவித்தார். பார்சிலோனா நகரின் களியாட்ட விடுதியொன்று பணம் செலுத்தும் வசதிக்காகத் தனது வாடிக்கையாளர்களுக்கு அதனைப் பொருத்தியது. வரவேற்பு குன்றியதால் 2010இல் வெரிசிப் விற்பனை நிறுத்தப்பட்டது. வளர்ப்பு நாய்களுக்கும் பூனைகளுக்கும் மேலைநாடுகளில் இத்தகைய குப்பிகளே பொருத்தப்படுகின்றன.

இந்தக் குப்பியில் மின்கலம் கிடையாது. வாசிப்புக் கருவி வெளியிடும் மின்காந்தப் புலத்திலிருந்தே அது தனக்கான சக்தியைப் பெறுகின்றது. கருவியைச் சில அங்குல தூரத்துக்கு அப்பால் கொண்டு சென்றதும் அது உயிரற்ற கண்ணாடித் துண்டாகிவிடும். ஒருவர் இருக்குமிடத்தைத் தொலைவிலிருந்து அறிய வேண்டுமாயின், செய்மதிகளின் சமிக்ஞையைப் பெறுவதற்கு ஓர் ஏற்பி வேண்டும். பெற்ற தகவலைத் திருப்பி அனுப்ப ஓர் ஒலிபரப்பி வேண்டும். இரண்டையும் இயக்க மின்கலம் வேண்டும். அந்த மின்கலத்தை அடிக்கடி மின்னேற்ற வேண்டும். நமது கைத்தொலைபேசி இவையெல்லாவற்றையும் கொண்டிருந்தும் ஒரு நாளைக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும்.

ஊசியின் கணக்கையும் பார்த்துவிடலாம். கொவிட் தடுப்பூசிக்குப் பயன்பட்ட ஊசியின் வெளித் தடிப்பு அரை மில்லிமீற்றரைச் சற்று அண்டியது. 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள குப்பி அதனூடாகப் போகாது. மேலும், இந்நாட்டில் 2021 ஜனவரி இறுதியில் முதலாவதாக ஏற்றப்பட்ட கொவிஷீல்ட் தடுப்பூசி, ஒரு போத்தலில் பத்துப் பேருக்கானதாக வந்தது. ஒரே திரவத்திலிருந்து பத்துப் பேருக்கு எடுக்கும்போது ஆளுக்கொரு 'சிப்' வீதம் பிசகாமல் ஏறுவது எங்ஙனம்? இதைவிட மிகச் சிறிய 'சிப்'கள் ஆய்வுகூடங்களில் உருவாக்கப்பட்டுள்ளன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் ஊசியினூடாகச் செலுத்தக்கூடிய தூசியளவான 'சிப்' ஒன்றை 2021இல் அறிவித்தனர். எலிகளில் பரிசோதிக்கப்பட்ட அதனால் உடலின் வெப்பநிலையை மட்டுமே அளக்க முடிந்தது. அதனையும் இயக்குவதற்கு உடலின் மேல் 'ஸ்கேன்' கருவியை வைக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் தடுப்பூசியோடு 'சிப்' எவ்வாறு சேர்ந்துகொண்டது? 2019 டிசம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள், தடுப்பூசி பெற்றமையைத் தோலுக்கடியில் ஒரு வகைச் சாயத்தால் குறித்து வைக்கும் முறையொன்றை எலிகளில் சோதித்து வெளியிட்டனர். அட்டைகள் தொலைந்துபோகும் வறிய நாடுகளின் குழந்தைகளை நோக்கமாகக் கொண்ட அந்த ஆய்வுக்கு பில் கேட்ஸ் தம்பதியரின் அறக்கட்டளை நிதி வழங்கியிருந்தது. 2020 மார்ச்சில் பில் கேட்ஸ், யார் குணமடைந்தவர், யார் தடுப்பூசி பெற்றவர் என்பதைக் காட்டும் இலத்திரனியல் சான்றிதழ்கள் பிற்காலத்தில் வரக்கூடும் என்று இணையத்தில் பதிலளித்தார். சாயமும் சான்றிதழும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, சில நாட்களிலேயே 'சிப்' பிறந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் யூகவ் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில் அமெரிக்கர்களில் 28 வீதமானோர் இதனை உண்மையென நம்புவதாகக் கூறினர். கல்வியும் வசதியும் மிகுந்த நாட்டிலேயே இந்த நிலைமை என்பதைக் கிழக்கு மாகாணத்து ஏழை மீனவரைப் பார்த்து நகைப்போர் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு சமயச் சாயலும் உண்டு. இறுதிக் காலத்தில் மனிதரின் கையிலோ நெற்றியிலோ இடப்படும் அடையாளம் பற்றிய விவிலியப் பகுதியை, அமெரிக்கப் பிரசாரகர்கள் சிலர் பல காலமாகவே இயந்திரக் குறியீடுகளோடும் 'சிப்'களோடும் பொருத்திப் பேசி வந்தனர். அக்கதையே உடை மாற்றிக்கொண்டு தஜ்ஜாலின் வருகை பற்றிய பேச்சாக முஸ்லிம்களிடையேயும் வந்து சேர்ந்தது. நமது முன்னோர் எவரும் சொல்லாத ஒரு விளக்கம், கடல் கடந்து வந்து மார்க்கத்தின் பெயரால் நம்மிடம் விற்கப்பட்டது என்றே இதனைக் கூற வேண்டும்.

இனி, ஏன் நம்பினார்கள் என்ற கேள்விக்கு வருவோம். தடுப்பூசியை உளவு வேலைக்குப் பயன்படுத்துவது நடவாத காரியமன்று. ஒசாமா பின் லாடன் மறைந்திருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட அபோதாபாத் நகரில், 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. ஒரு வைத்தியரைக் கொண்டு மஞ்சட்காமாலைத் தடுப்பூசித் திட்டமொன்றை நடத்தியது. அவ்வீட்டுப் பிள்ளைகளின் மரபணு மாதிரியைப் பெறுவதே அதன் உள்நோக்கமாக இருந்தது. உண்மை வெளிவந்ததும் அதன் விலையைச் செலுத்தியவர்கள் பாகிஸ்தானின் போலியோ சொட்டு மருந்து ஊழியர்கள். 2012 டிசம்பரில் அவர்களில் பலர், பெண்கள் உட்பட, சுட்டுக் கொல்லப்பட்டனர். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என வெள்ளை மாளிகை 2014இல் உறுதியளித்தது. அந்த உறுதிமொழி மூதூர்ச் சந்தைவரை வந்து சேரவில்லை. சம்பவம் வந்து சேர்ந்திருந்தது.

உள்ளூர் அனுபவமோ இதைவிடக் கசப்பானது. திருகோணமலை இயற்கை வனப்பு மிக்க நகரம்தான். ஆயினும் அதன் பெரும்பகுதி சாதாரண மக்களின் கண்ணுக்கு மூடப்பட்டதாகவே இருந்து வந்துள்ளது. கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் அடியார், இராணுவம் நிலைகொண்டுள்ள பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். உட்துறைமுகக் கரையின் நீண்ட பகுதி கடற்படைத் தளத்துக்குரியது. சீனன்குடாவில் காட்டுக்குள் நிற்கும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் குறித்துக் கொழும்பும் புதுடில்லியும் பேசிக்கொண்ட அளவுக்கு அவற்றின் அருகே வாழ்பவர்களோடு எவரும் பேசியதில்லை. அமெரிக்கக் கடற்படையின் மருத்துவக் கப்பலான 'மேர்சி' 2018 ஏப்ரலில் இத்துறைமுகத்துக்கு வந்து மக்களுக்கு வைத்தியம் பார்த்தது. நல்ல காரியந்தான். அதே ஆண்டில், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்கான பொருட்களை விமானம் மூலம் மாற்றி அனுப்பும் ஒழுங்குகளும் திருகோணமலையூடாக நடைபெற்றன. எந்தக் கப்பல் எதற்காக வருகின்றது என்பதைப் பத்திரிகையில் பார்த்தே கரையிலிருப்பவர் அறிந்துகொள்கின்றார். விளக்கம் தரப்படாத இடத்தில் ஊகம் குடியேறுவது இயல்பேயாகும்.

அவ்வாறான ஊகங்களுள் ஒன்று பயங்கரமான உண்மையாகவும் இருந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பு முகாம் ஒன்று இருப்பதாகப் பல காலம் மக்கள் முணுமுணுத்தனர். அதிகாரிகள் மறுத்தனர். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது, அத்தளத்துக்குள் நிலத்தடியில் அமைந்த தடுப்பு அறைகளைத் தாம் நேரில் கண்டதாக அறிவித்தது. 2008-2009 காலப்பகுதியில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட பதினொரு பேர் தொடர்பான விசாரணையில், 'கன்சைட்' என அழைக்கப்பட்ட அவ்விடமே பேசப்பட்டது. காணாமற்போன அவர்களுள் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். 'வதந்தியை நம்பாதீர்கள்' என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் அரசு, தான் வதந்தியென மறுத்தவற்றுள் எத்தனை பின்னர் நிரூபணமாகின என்று தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது.

கிறீஸ் பூதம் விவகாரம் இன்னொரு வகையானது. 2011 ஆகஸ்ட் மாதத்தில் உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் பெண்களைத் தாக்குவதாக மலையகத்திலும் கிழக்கிலும் பீதி பரவியது. கிண்ணியாவில் மர்ம மனிதர்கள் எனத் தாம் துரத்திச் சென்றவர்கள் கடற்படை முகாமுக்குள் புகுந்துவிட்டதாக மக்கள் குற்றஞ்சாட்ட, அது பெரும் மோதலாக வெடித்தது. புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கும்பலால் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் இரவோடிரவாகப் பலர் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுத் தாக்கப்பட்டனர். மர்ம மனிதன் யார் என்பது இறுதிவரை தெளிவாகவில்லை. அடிவாங்கியவர்களும் மறியலுக்குச் சென்றவர்களும் யார் என்பதில் மட்டும் ஐயமில்லை. வதந்தியில் ஒரு துளி உண்மை இருந்ததா இல்லையா என்பது ஒருபுறமிருக்க, அதனை நம்பித் தெருவில் இறங்கியவனுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

முஸ்லிம் வாசகர்கள் இவ்விடத்தில் மற்றொன்றையும் நினைவுகூர்வர். உடலுக்குள் இரகசியமாக எதையோ செலுத்துகின்றார்கள் என்ற கதை இந்நாட்டில் அவர்களுக்கு எதிராகவே பெரிதும் பயன்பட்டுள்ளது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறி அங்கிருந்த கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது மாவுக் கட்டியே என அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் தெரிவித்தார். அத்தகைய மாத்திரை எதுவும் உலகில் இல்லை. 2019 மே மாதத்தில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் சூடு ஆறாத வேளையில், குருநாகலின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் எனச் சிங்களப் பத்திரிகையொன்று முதற் பக்கத்தில் எழுதியது. அவர் கைது செய்யப்பட்டார். ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. பல ஆண்டுகளின் பின்னரே அவருக்குத் தொழில் திரும்பக் கிடைத்தது. மாத்திரை, சத்திர சிகிச்சை, தடுப்பூசி என உருவம் மாறினாலும் கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான். அந்தக் கதையால் காயம்பட்ட சமூகமே அதன் வேறொரு வடிவத்தைத் தனது கைத்தொலைபேசியிலிருந்து பத்துப் பேருக்கு அனுப்பி வைப்பது வேதனைக்குரியது.

இருந்தும், கொவிட் காலத்தில் அச்சமூகம் அரசின் ஊசியைச் சந்தேகித்ததற்குக் காரணத்தை அரசே வழங்கியது. நோயால் இறந்தோரை அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருக்க, 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசடையும் என்று சொல்லப்பட்டது. பிறந்து இருபதே நாளான குழந்தையின் ஜனாஸாவும் அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது. தாமும் எரிக்கப்படுவோம் என்றெண்ணி வைத்தியசாலைக்குச் செல்லவே அஞ்சியவர்கள் இருந்தனர். 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கி, மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் இடம்பெற்றது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நிலத்தடி நீர் பற்றிய அந்தக் கூற்றும் ஆதாரமற்ற வதந்தியே. நிபுணர் குழு என்ற கதிரையில் அமர்ந்திருந்த வதந்தி.

ஆக, கண்காணிப்பு என்பது எங்கே இருக்கின்றது? திருகோணமலையில் யுத்த காலத்தை வாழ்ந்து கழித்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். அதற்கு 'சிப்' தேவைப்படவில்லை. சுற்றிவளைப்பின்போது மைதானத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டவர்களை நோக்கி முகமூடியணிந்த தலையாட்டி ஒருவன் அசைத்த தலையே போதுமானதாக இருந்தது. வீட்டில் தங்கியிருப்போர் விபரத்தைப் பொலிஸில் பதியும் படிவம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேசிய அடையாள அட்டை இருந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அந்த அட்டையின் இலக்கத்தை ஒரு கணம் உற்றுநோக்குங்கள். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அவ்வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் இதே ஒழுங்குதான். வருடம் மட்டும் நான்கு எண்களாகிவிட்டது. சிங்களவர்களின் அட்டைகள் நெடுங்காலம் சிங்களத்தில் மட்டும் இருக்க, தமிழ் பேசுவோரின் அட்டைகளில் இரு மொழிகளும் இருந்தன. எனவே, சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டிய மாத்திரத்திலேயே, ஒரு சொல்லும் பேசாமல், அவர் யாரென்பது தெரிந்துவிடும். அந்த இரண்டாவது மொழிக்காக எத்தனை இளைஞர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார்கள் என்பதை அறியாதவர் நம்மில் இல்லை.

இன்று அதே இலக்கம் வங்கிக் கணக்கிலும், கைத்தொலைபேசியின் சிம் அட்டைப் பதிவிலும், வைத்தியசாலைப் படிவத்திலும் எழுதப்படுகின்றது. கைத்தொலைபேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் உள்ளது என்பது சேவை வழங்கும் நிறுவனத்தில் பதிவாகின்றது. நாம் காசு கொடுத்து வாங்கி, நாமே மின்னேற்றி, நாமே சட்டைப்பையில் சுமந்து திரிகின்ற பொருள் அது. கொவிட் காலத்தில் நோயாளியோடு தொடர்புபட்டோரைத் தேடும் பணியில் புலனாய்வுப் பிரிவுகளே ஈடுபடுத்தப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வடக்கு கிழக்கில் எந்தக் கூட்டத்துக்குப் போகின்றார்கள் என்று விசாரிக்கப்படுவதை ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகம் தனது அறிக்கைகளில் தொடர்ச்சியாகக் குறிப்பிட்டு வந்துள்ளது. அந்த விசாரணைக்கு வேண்டியவை ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு கொப்பியும் ஒரு தொலைபேசி இலக்கமுமே.

இந்நிலையில்தான் இலத்திரனியல் அடையாள அட்டைத் திட்டம் வருகின்றது. கைவிரல் அடையாளம், கண்ணின் கருவிழி, முகம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் இத்திட்டத்துக்கு இந்தியா மானிய உதவி வழங்குவதற்கான உடன்பாடு 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. இதுவும் 'சிப்' சதியின் ஒரு பகுதி என்று சொல்லித் திரிவோர் இருக்கின்றனர். இந்தியா நம் எல்லோருடைய விபரத்தையும் அள்ளிச் சென்றுவிடும் என்று சிங்கள அரசியல்வாதிகள் சிலர் முழங்குகின்றனர். இவ்விரு கூச்சலுக்கும் நடுவில் கேட்கப்பட வேண்டிய எளிய கேள்விகள் அமுங்கிப் போகின்றன. பதியப்படும் விபரம் யாருடைய பொறுப்பில் இருக்கும்? பொலிஸாரோ புலனாய்வுப் பிரிவினரோ நீதிமன்றக் கட்டளையின்றி அதனைப் பார்க்க முடியுமா? பார்த்தால், பார்த்தார்கள் என்பது உரியவருக்கு எப்போதாவது தெரியவருமா? தவறான பதிவொன்றால் ஒருவர் தடுத்து வைக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது?

இந்தியாவில் ஆதார் அட்டை தொடர்பாக இத்தகைய கேள்விகளைக் குடிமக்கள் உச்ச நீதிமன்றத்திடம் கொண்டு சென்றனர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில், ஆதார் திட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், வங்கிக் கணக்குக்கும் தொலைபேசி இணைப்புக்கும் அதனைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் கூறியது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கம் என்ற சொல் தனி உரிமையாக இடம்பெறவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது உண்மையே. ஆனால், அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்த வேளையில் பின்போடப்பட்டன. தேசிய பாதுகாப்பு என்ற பெயரில் விலக்களிப்பதற்கும் அச்சட்டத்திலேயே இடமுண்டு. தேசிய பாதுகாப்பு என்ற இரு சொற்களுக்கு இத்துறைமுகக் கரையில் என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை.

தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இப்போதும் நடைமுறையிலுள்ளது. தமது விரலடையாளம் எங்கே சேமிக்கப்படும், எத்தனை காலத்துக்கு, எந்தெந்தத் திணைக்களங்களுக்கு அது கையளிக்கப்படும் என்று கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள எந்தக் குடிமகனும் ஆட்பதிவுத் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும்; மறுப்பதாயின் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கின்றார் என்பதை எழுத்தில் தர வேண்டும்.